உழவர் சந்தையும் வாங்குவோர் கடமையும்

உண்ணும் பொருள்களுட் காய்கறிபோல விரைந்து கெடுவன சிலவே. நெல் விளைவித்தோன் விலை குறைந்த காலத்து அதனைக் குதிரிலிட்டு வைத்து, விலை ஏறியபின் விற்கலாம். கீரை விளைவித்தோனுக்கு அங்ஙனம் காத்திருத்தல் இயலாது. காலையிற் பறித்த கீரை மாலையில் வாடும். வாடியபின் வாங்குவார் இலர். ஆகவே, தன் பொருள் கெடுமுன் விற்றுவிடவேண்டும் என்னும் அச்சத்தோடேயே அவன் சந்தைக்கு வருகின்றான். விலை பேசுங்கால் அவன் வலிகுன்றி நிற்றற்குக் காரணம் இதுவேயாம்.

சந்தை நம் நாட்டிற்குப் புதியதன்று. மதுரைமாநகரிற் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இருந்தமையை மதுரைக்காஞ்சி கூறுகின்றது. ஊர்தோறும் கூடும் வாரச்சந்தைகளை நாம் இன்றும் காண்கின்றோம். ஆயினும், நகரங்கள் பெருகப் பெருக, உழவர்க்கும் உண்போர்க்கும் இடையே தரகரும், மொத்த வணிகரும், சில்லறை வணிகரும் வந்து நின்றனர். அவர்தம் உழைப்பிற்கும் ஊதியம் வேண்டுமென்பது மெய்யே. எனினும், உண்போர் கொடுக்கும் பணத்தில் உழவர் கையை எட்டும் பங்கு சுருங்கலாயிற்று.

இக்குறையை நீக்கக் கருதிப் பஞ்சாபில் 1987ஆம் ஆண்டில் ‘அப்னி மண்டி’ என்னும் சந்தையும், ஆந்திரத்தில் 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘ரைத்து பஜார்’ என்னும் சந்தையும் தோன்றின. அவ்வாண்டே நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள், அக்காலத்து முதலமைச்சராகிய திரு. மு. கருணாநிதி அவர்கள் மதுரை அண்ணாநகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் தொடங்கிவைத்தார்கள்.

இச்சந்தையின் அமைப்பை மூன்று கூறாகக் கொள்ளலாம். முதலாவது, விற்போர் தாமே பயிரிடுவோர் என்பதை அறிந்து அடையாள அட்டை வழங்குதல். இஃதின்றேல், வணிகர் உழவர்போல் நுழைந்து சந்தையின் நோக்கத்தையே கெடுத்துவிடுவர். இரண்டாவது, கடைக்கு வாடகை வாங்காமையும், எடையிடத் தராசு கொடுத்தலும். மூன்றாவது, நாள்தோறும் விலையை உறுதிசெய்து, யாவரும் காணப் பலகையில் எழுதிவைத்தல். இவ்விலை மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக நிற்கும். ஒரு கிலோ கத்தரிக்காய் மொத்தக் கடையில் 20 ரூபாய்க்கும் சில்லறைக் கடையில் 40 ரூபாய்க்கும் போவதாகக் கொள்க. இங்கு அதனை 30 ரூபாய்க்கு விற்பின், உழவர்க்கு 10 ரூபாய் மிகுதி. வாங்குவோர்க்கு 10 ரூபாய் மிச்சம். இருவரும் ஒருங்கே பயன்பெறுதலே இவ்வேற்பாட்டின் சிறப்பு.

சென்ற விடுமுறையில் ஒருநாள் விடியற்காலையில், யாம் நால்வர் மதுரையில் உள்ள இத்தகைய சந்தை ஒன்றிற்குச் சென்றோம். பனிநீர் உலராத வெண்டையும், கட்டுக்கட்டாகச் சிறுகீரையும், முருங்கையும், வாழைப்பூவும் வரிசையாக இருந்தன. விலைப்பலகையைப் பார்த்தோம், கேட்ட விலையும் எழுதிய விலையும் ஒத்திருந்தன. வாதின்றி வாங்கி, மகிழ்ச்சியோடு வெளியே வந்தோம்.

வாயிலின் புறத்தே மூதாட்டி ஒருத்தி பனையோலைப் பெட்டிகளை விரித்து அமர்ந்திருந்தாள். ஒரு பெட்டி 120 ரூபாய் என்றாள். யாம் 80 ரூபாய்க்குக் கேட்டோம். “கட்டாது தம்பி” என்றாள். யாம் நடக்கத் தொடங்கவே, அழைத்துக் கொடுத்துவிட்டாள். எம்முள் ஒருவர், வென்ற களிப்பில், இதனை முடைய எத்துணை நேரமாகும் என்று வினவினார். குருத்தோலையை வாங்கி உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாகக் கிழித்து, சாயமேற்றி, பின்னரே முடையவேண்டும் என்றும், முடைவதற்கு மட்டும் ஒருநாள் கழியும் என்றும் அவள் கூறினாள். ஓலையின் விலையும் சாயத்தின் விலையும் பேருந்துக் கட்டணமும் போக, அவளுடைய ஒருநாள் உழைப்பிற்கு யாம் இட்ட மதிப்பு எவ்வளவு என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

வெட்கமுற்று எஞ்சிய 40 ரூபாயை நீட்டினோம். அவள் வாங்கவில்லை. “பேசின விலை பேசினதுதான், தம்பி. வேண்டுமானால் இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்றாள். அவள் சொன்ன விலைக்கே மற்றொரு பெட்டியை வாங்கித் திரும்பினோம்.

வழிநெடுக இதனையே எண்ணினோம். வாயிலுக்கு உள்ளே யாம் நேர்மையாக நடந்தது எம் நற்குணத்தாலன்று. அங்கே ஒரு பலகை இருந்தமையால். புறத்தே பலகை இல்லை; உடனே எம் இயல்பு வெளிப்பட்டது. கைத்தொழிற் பொருளுக்கு நாள்விலை எழுதுவார் எவருமிலர். ஓலை கீரைபோல் வாடாதெனினும், அன்றைய உணவிற்குப் பொருள்தேட வந்தவளும் காத்திருக்க வலியற்றவளே.

ஆதலின், மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் உழவர் சந்தை உண்டாயின் காலையிற் செல்லுங்கள். பையும் சில்லறையும் கொண்டு செல்லுங்கள். பலகையின் விலைக்குக் குறைத்துக் கேளாதீர்கள். கைத்தொழிற் பொருளைக் கண்டால், விலையைக் குறைக்குமுன் அதனைச் செய்யச் சென்ற காலத்தை வினவுங்கள். அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையே, எழுதப்படாத விலைப்பலகையாக நமக்கு நிற்பதாகுக.