துளைவழிக் காட்சி

தமிழகத்தின் தென்கோடியில், மன்னார் வளைகுடாவின் கரையில், தூத்துக்குடி என்னும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரனாரின் பெயரை இன்று அத்துறைமுகம் தாங்கி நிற்கின்றது. கப்பல்கள் வந்து போகும் அத்துறைக்கு அப்பால், கடலடியில் பாறைத்திட்டுகள் பல உள. அவற்றைப் 'பார்' என்று அங்குள்ளோர் வழங்குவர். முத்துச் சிப்பிகள் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்த இடங்கள் அவை. பார் என்னும் சொல் காண்பாய் என்னும் பொருளையும் தருவது தற்செயலே. ஆயினும் நாம் ஈண்டுக் கூறப்புகும் செய்திக்கு அஃது இயைந்தே நிற்கின்றது.

முத்துக் குளிப்போர் கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலை ஊன்றிக் கடலுள் இறங்குவர். பார்களின் ஆழம் பன்னிரண்டு மீட்டர் முதல் இருபத்தைந்து மீட்டர் வரை இருக்கும். அடக்கிய மூச்சு தீர்வதற்குள் சிப்பிகளைத் திரட்டிப் பையில் இட்டுக் கயிற்றை அசைத்தல் வேண்டும். தோணியில் இருப்பவன் அவ்வசைவை உணர்ந்து உடனே மேலே இழுப்பான். இம்முறையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளித்தல் மட்டும் அதன் பின்னும் தொடர்ந்தது.

நீருள் கண்ணைத் திறந்து பார்த்தவர் யாவரும் ஒன்றை அறிவர். அங்கே எப்பொருளும் தெளிவாகத் தெரிவதில்லை. கண்ணுட் புகும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினைக் கண்ணின் முகப்பில் உள்ள தெளிந்த படலம் செய்கின்றது. காற்றிலிருந்து அப்படலத்துள் நுழையும்போதுதான் ஒளி நன்கு வளையும். நீரோ ஒளியை வளைக்கும் இயல்பில் அப்படலத்தோடு ஏறக்குறைய ஒத்தது. ஆதலின் நீருள் அப்படலம் பயனற்றுப் போகின்றது, காட்சி கலங்குகின்றது. கண்ணுக்கு முன்னால் சிறிது காற்றை அடைத்து வைக்கும் கண்ணாடி முகமூடியை அணிந்தால் தெளிவு மீள்கின்றது. ஆனால் அத்தெளிவிலும் ஒரு பொய் உண்டு. நான்கு அடி தொலைவில் உள்ள பொருள் மூன்று அடி தொலைவில் இருப்பது போலத் தோன்றும். உருவும் பெரிதாய்த் தெரியும். புதியவன் கை நீட்டினால் சிப்பிக்கு எட்டாது வெறும் நீரையே பற்றுவான். பழகப் பழகக் கண்ணின் பிழையைக் கை திருத்திக் கொள்ளும்.

இக்கரையில் வேறொரு செயலும் நிகழ்ந்தது. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடை என்னும் ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சுவாமி என்னும் விஞ்ஞானியும் அவருடன் உழைத்தோரும், 1973-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சிப்பியினுள் உருண்டை முத்தை மனித முயற்சியால் விளைவித்துக் காட்டினர். சிப்பியை மயக்கமுறச் செய்து, அதன் இரு ஓடுகளுக்கும் இடையே சிறு ஆப்பைச் செருகி, அச்சிறு இடைவெளி வழியே நுண்ணிய கத்தியைச் செலுத்தி, உள்ளே ஒரு பாதை கீறி, ஓட்டினாற் செய்த மணியையும் வேறொரு சிப்பியின் மேலுறைத் துண்டையும் ஒருங்கே வைத்தல் வேண்டும். ஓட்டை அகலத் திறந்தால் சிப்பி மாண்டுபோம். ஆதலின் சிறு வாயில் வழியே பெருஞ்செயல் புரியும் கலை அங்கே இன்றியமையாததாயிற்று. அதனை ஓர் அறுவை மருத்துவம் என்று கூறுதல் தகும். எனினும் சிப்பியின் வாயிலுள் நோக்குபவர் தம் சொந்தக் கண்ணாலேயே நோக்குகின்றார்.

மனித வயிற்றினுள் அவ்வாறு நோக்குதல் இயலுமா? முற்காலத்தில் மருத்துவர் வயிற்றை நீளக் கீறித் திறந்தே உள்ளுறுப்புகளைக் கண்டனர். கையும் கண்ணும் ஒருங்கே உள்ளே புகுந்தன. நோய் நீங்கினும் அப்பெருங்காயம் ஆறப் பல நாள் ஆகும். உப்பளத்தில் நாட்கூலிக்கு உழைப்பவர் ஒருவர்க்கு அந்நாள்கள் யாவும் அடுப்பு எரியாத நாள்கள். இதனாலன்றோ அறுவையைச் சிறு துளைகளின் வழியே செய்ய மருத்துவர் விழைந்தனர்! அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரையுள்ள துளைகள் மூன்று நான்கு இட்டு, வயிற்றினுள் கரியமில வாயுவைச் செலுத்திக் கூடாரம் போல உயர்த்தி, ஒரு துளை வழியே உள்நோக்கியையும் மற்றவற்றின் வழியே நீண்ட கருவிகளையும் புகுத்துவர். இதுவே நுண்துளை அறுவை. இதில் மருத்துவரின் கை வயிற்றைத் தொடுவதில்லை; அவர் கண்ணும் வயிற்றைக் காண்பதில்லை. அவர் காண்பது எதிரே உள்ள திரையில் தோன்றும் ஒரு படத்தை மட்டுமே. அப்படத்தில் பிழை நேரின் நோயாளியின் உடலிலும் பிழை நேரும்.

அப்படம் இன்றுள்ள தெளிவை ஒரே நாளில் அடைந்துவிடவில்லை. ஜெர்மனி நாட்டுப் பிராங்பர்ட் நகரின் மருத்துவர் பொசினி 1806-ஆம் ஆண்டு வாக்கில் மெழுகுவத்தியின் ஒளியைக் குழாய் வழியே உடலுட் செலுத்திப் பார்த்தார். 1901-இல் கெல்லிங் என்பவர் நாயின் வயிற்றினுள் காற்றைச் செலுத்தி உள்நோக்கியால் கண்டார். 1910-இல் சுவீடன் நாட்டு யாக்கோபேயசு மனிதரிடத்தில் அம்முறையைக் கையாண்டார். கண்டது உண்மை, கண்டதோ மங்கலான காட்சியே. நீண்ட குழாயில் சிறு கண்ணாடி வில்லைகளை இடையிட்டு வைத்தமையால் ஒளி வழியிலேயே தேய்ந்துவிட்டது.

இங்கிலாந்தில் வாழ்ந்த ஹாப்கின்சு என்னும் பௌதிக அறிஞர் இதனைத் தலைகீழாக எண்ணினார். குழாயில் காற்று மிகுதி, கண்ணாடி சிறிது என்று இருந்ததை மாற்றி, நீண்ட கண்ணாடிக் கோல்களை நிரப்பி, அவற்றின் இடையே மெல்லிய காற்றிடைவெளிகளை மட்டும் விட்டார். காற்றே வில்லையின் வேலையைச் செய்தது! காட்சி முன்னினும் பன்மடங்கு ஒளி பெற்றது. இதே ஹாப்கின்சுடன் சேர்ந்து நம் நாட்டுப் பஞ்சாபைச் சேர்ந்த நரீந்தர் சிங் கபானி 1954-இல் கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். சுடர் விளக்கை வெளியே வைத்து, அதன் ஒளியை மட்டும் இழைகளின் வழியே உள்ளே அனுப்பும் வசதி அக்கலையின் பயனே.

அதன் பின்னும் மருத்துவர் குனிந்து, ஒற்றைக் கண்ணைக் குழாயின் முனையில் வைத்தே பார்த்துக் கொண்டிருந்தார். அவர் காண்பதை உதவியாளர் காண இயலாது. ஆகவே உதவவும் இயலாது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் ஒளியை மின்குறியாக மாற்றும் சிறு சில்லை அமைத்தனர். அச்சில்லுடைய கேமரா உள்நோக்கியின் முனையிற் பொருத்தப்பட்டதும், ஒருவர் கண்ட காட்சி அறையில் உள்ளோர் அனைவர்க்கும் உரியதாயிற்று. 1985-இல் ஜெர்மனியில் மூஎ என்பாரும், 1987-இல் பிரான்சில் மூரே என்பாரும் பித்தப்பையை நுண்துளை வழியே அகற்றினர். இந்தியாவில் 1990-இல் மும்பையில் உத்வாடியா அதனைச் செய்தார். அடுத்த ஆண்டுகளிற் கோயம்புத்தூரில் பழனிவேலு இக்கலையைத் தமிழகத்தில் வளர்த்தார். அவரைப் பற்றிப் பின்னரும் கூறுவோம்.

கருவி வந்துவிட்டது, ஆனால் காண்பது எளிதாயிற்றா? இல்லை. திரைப்படத்துக்கு நீள அகலம் உண்டு, ஆழம் இல்லை. ஒற்றைக் கண்ணை மூடிக் கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், அத்துன்பம் விளங்கும். கருவி துளையின் விளிம்பைத் தாங்கலாகக் கொண்டு திரும்புவதால், கை இடப்புறம் சென்றால் அதன் நுனி வலப்புறம் செல்லும். தோணியிற் சுக்கானின் பிடியை ஒரு புறம் தள்ளினால் தோணி மறுபுறம் திரும்புவதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. சுக்கான் பிடிப்பவன் எண்ணி எண்ணியா திருப்புகின்றான்? முகமூடி அணிந்த குளிகாரனின் கை பழகியது போலவே மருத்துவரின் கையும் பழக வேண்டும்.

ஆயினும் பழக்கத்தால் மட்டும் தீராத குறைகளும் உண்டு. அவற்றைத் தீர்க்கும் வழிகளிற் சில மிக எளியவை. குளிர்ந்த கண்ணாடி முனை உடலின் வெப்பமும் ஈரமும் மிக்க இடத்துட் புகுந்தவுடன் அதன்மேல் ஆவி படியும். திரை முழுதும் பனி மூடியது போலாகும். ஆகவே முனையை முதலில் வெந்நீரில் வைத்துச் சூடாக்குவர். விளக்குக்கு விளக்கு ஒளியின் நிறம் வேறுபடுதலின், தொடங்குமுன் ஒரு வெண்துணியைக் கேமராவுக்குக் காட்டி, 'இதுவே வெண்மை' என அதற்கு உணர்த்துவர். இதைச் செய்யாது விட்டால் உறுப்புகளின் நிறம் பொய்யாகத் தோன்றும். நிறத்தைக் கொண்டே நலிந்த திசுவையும் நல்ல திசுவையும் பிரித்தறியும் மருத்துவர்க்கு அது பெருங்கேடு. முனை சாய்வாய் அமைந்த உள்நோக்கி, நேராகக் காண இயலாத மூலைகளையும் காட்டும்.

திரையை எங்கே வைப்பது என்பதும் ஒரு வினாவாயிற்று. பல அறைகளிற் பக்கத்தில் ஓரிடத்தில், உயரத்தில், இடம் கிடைத்தவாறு திரையை வைத்தனர். கழுத்தைத் திருப்பி ஒரு திசையை நோக்கிக்கொண்டு வேறொரு திசையில் கையை இயக்குவது எவ்வளவு இடர்! ஸ்காத்லாந்தின் டண்டீ நகரத்து ஆய்வாளர் இதனைச் சோதித்து 1998-இல் முடிவு கண்டனர்: திரை மருத்துவருக்கு நேர் எதிரே, அவர் கைகளின் மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருக்கும்போது வேலை விரைவாகவும் செம்மையாகவும் நடக்கின்றது. ஒரு மேசையை நகர்த்தும் செலவுதான்! விலையுயர்ந்த கருவிகளைப் பற்றியே பேசுவோர் இதனைச் சிந்திப்பது நன்று.

கோவைப் பழனிவேலுவின் செயலும் இத்தகையதே. உணவுக்குழாயிற் புற்றுநோய் கண்டவர்க்கு மார்பின் வழியே அக்குழாயை விடுவித்தல் வேண்டும். பக்கவாட்டிற் படுத்த நோயாளியின் நுரையீரல் கேமராவின் பார்வையை மறைக்கும். அதனை விலக்கிப் பிடிக்க வேறு கருவி தேவை. கசியும் குருதியும் காணவேண்டிய இடத்திலேயே தேங்கும். அவர் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தார். நுரையீரல் தன் எடையாலேயே முன்புறம் சரிந்து விலகிற்று. குருதியும் தாழ்ந்த இடம் நோக்கி வடிந்தது. உணவுக்குழாய் தெளிவாய்த் தெரிந்தது. ஐரோப்பாவிற் சிலர் இம்முறையை முன்னரே முயன்றதுண்டு. ஆனால் 130 நோயாளிகளிடம் கண்ட பயனை அவரும் அவர் குழுவினரும் 2006-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஏடொன்றில் வெளியிட்ட பின்னரே பல நாட்டாரும் அதனை ஊன்றி நோக்கினர். கேமராவை மாற்றாமலே காட்சியைத் திருத்திய முறை இது.

தெளிவாகத் தெரிந்தும் கண் ஏமாறுவது உண்டு. பித்தப்பையை அகற்றும்போது அதன் சிறு நாளத்தைத் துண்டிக்க வேண்டும். அதன் அருகே கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுசெல்லும் பெருநாளம் உள்ளது. பெருநாளத்தைச் சிறு நாளம் என மயங்கி வெட்டிவிட்டால் நோயாளியின் வாழ்வே துன்பமாகும். அமெரிக்க மருத்துவர் சிலர் இத்தகைய 252 விபத்துகளை ஆராய்ந்து 2003-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழில் முதற்காரணம் கைத்திறக் குறைவன்று. கண்ட காட்சியைத் தவறாகப் பொருள் கொண்டமையே! கானல் நீரைக் கண்டு ஓடும் மானின் காலிற் குறை ஏதும் இல்லையன்றோ?

ஸ்திராஸ்பெர்க் என்னும் மருத்துவர் இதற்கு ஒரு விதியை 1995-லேயே வகுத்திருந்தார். பித்தப்பையின் கழுத்தருகே உள்ள கொழுப்பையும் சவ்வையும் முற்றும் நீக்கி, பையின் அடிப்பகுதியைக் கல்லீரலினின்று பிரித்து, பையினுட் செல்பவை இரண்டே இரண்டு என்று கண்ட பின்னரே எதனையும் வெட்டலாம். காணாத வரையில் கத்தரி அசையலாகாது. அண்மைக் காலத்தில் வேறொரு துணையும் கிடைத்துள்ளது. பச்சைச் சாயம் ஒன்றை நரம்பிற் செலுத்தினால் கல்லீரல் அதனைப் பித்தத்தோடு கலந்து வெளிவிடும். கண்ணுக்குப் புலனாகாத செவ்வொளிக்கு அப்பாற்பட்ட ஒளியை அதன்மேற் பாய்ச்ச, பித்தம் ஓடும் நாளங்கள் தாமே ஒளிரும். கேமரா அதனை உணர்ந்து திரையிற் பச்சையாய்க் காட்டும். இரு வில்லைகளால் இரு படங்களை எடுத்து, தனிக் கண்ணாடி வழியே ஆழத்தையும் காட்டும் திரைகளும் இப்போது உள்ளன. அவை தரும் நன்மை பெரிது, விலையும் பெரிது.

இத்தனைக்கும் நடுவே, அறுவைக் கூடத்தில் ஒருவரை நாம் மறந்துவிடுகின்றோம். அவர் கேமராவை ஏந்தி நிற்கும் இளம் மருத்துவர். அறுவை செய்பவரின் இரு கைகளிலும் கருவிகள் இருத்தலின், அவர் கண்ணை இவர் தம் கையில் வைத்திருக்கின்றார். கை சோர்ந்து கேமரா சற்றே சாய்ந்தால் திரையில் வயிறே சாய்ந்து தோன்றும். மேல் எது, கீழ் எது என்னும் தெளிவு போய்விடும். கத்தரி செல்லுமிடம் படத்தின் நடுவில் நிற்க வேண்டும். கருவியின் நுனி ஒருபோதும் பார்வையினின்று நீங்கலாகாது. கேமரா அருகே செல்ல வேண்டுவது எப்போது, பின்வாங்க வேண்டுவது எப்போது என்பதைச் சொல்லாமலே அறிதல் வேண்டும். மணிக்கணக்கில் அவர் அசையாது நிற்கின்றார். தோணியின் விளிம்பில், விரலிடையே கயிறு ஓட, நீரின் மேற்பரப்பையே நோக்கியவாறு, ஆழத்தில் இருப்பவனுடைய சிறு அசைவுக்குக் காத்து நின்ற முத்துக்குளித் துறையின் கயிற்றாளனும் அவ்வாறே நின்றான்.