புது கியர் சைக்கிளா, அப்பாவின் பழைய சைக்கிளா?

மூட்டை கட்டிக்கொண்டு நாள்கணக்கில் சைக்கிளில் ஊர் சுற்ற நம்மில் பலருக்கு ஆசை உண்டு. கியர் சைக்கிள் விலையை விசாரித்தேன். என் வருஷ ஃபீஸைத் தாண்டியது. எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். கேட்டால் அப்பா கடன் வாங்கியாவது தருவார். அதனால்தான் கேட்பதற்கு முன் கணக்குப் போட்டேன்.

அப்பாவின் 28 இஞ்ச் சைக்கிளில் முன் பல்சக்கரம் 44 பல், ஃப்ரீவீல் 18. பெடல் ஒரு முழுச் சுற்றுக்குப் பின்சக்கரம் 2.44 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், ஆக 5.4 மீட்டர் போகும். ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் 4.4 மீட்டர்தான். ஆனால் அதே மேட்டில் மிதிக்கும் விசை 18 சதவீதம் குறையும்! செயினில் ஒரு இஞ்ச் கூட்டணும், அவ்வளவுதான். பழைய செயின் என்றால் ஒர்க்ஷாப் ஸ்டீல் ஸ்கேலால் 24 கண்ணியைப் பின்னுக்குப் பின் அளந்து பாருங்க. புதுசில் 12 இஞ்ச். 12⅛ ஆகியிருந்தால் மாற்றிடுங்க, இல்லாவிட்டால் புது ஃப்ரீவீலையும் தின்றுவிடும். பிரேமில் விரிசல் இருந்தால் மட்டும் ஒரு பைசாவும் செலவழிக்காதீங்க.

சிக்கல் பிரேக்கில்தான். ஸ்டீல் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம், வேற பிரேக் என்று போனால் செலவு புது சைக்கிளை எட்டிப் பிடித்துவிடும். எனவே ஃப்ரீவீலும் செயினும் மட்டும் மாற்றுகிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இந்த பிரேக்கோடு இறங்க மாட்டேன். திருச்சியிலிருந்து கல்லணை வழியாகத் தஞ்சாவூர் சமதரை, யார் வர்றீங்க?