எஸ்எம்பிஎஸ்தான் என்று முதலிலேயே சொன்னேன்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், மெக்கானிக் வாயிலிருந்து முதலில் வருவது "போர்டு போயிடுச்சு சார்" என்பதுதான். போர்டு மாற்றினால் பிராசஸரும் மாற வேண்டும், ராமும் மாற வேண்டும்; பழைய டிடிஆர்3 ராம் புதுப் போர்டில் உட்காராது. ஒரு எஸ்எம்பிஎஸ் விலையில் முடிய வேண்டிய வேலை முழு சிஸ்டத்தின் விலைக்கு ஏறிவிடும். எனக்கும் அப்படித்தான் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். போர்டு இல்லை, எஸ்எம்பிஎஸ்தான் என்று அங்கேயே நின்று சொன்னேன். கடைசியில் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஆனால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிக் கொடுத்த லட்சணத்தில் என் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் எரிந்தன. அந்த ஒரு விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். மற்றதைச் சொல்லிக்கொடுக்க யூடியூப் இருக்கிறது.

கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்தால் ஆடிக்குள் ஆல்பம் கொடுத்தாக வேண்டும். சிஸ்டம் மக்கர் செய்வதற்கு அந்த மாதம்தான் கிடைக்கும், உங்களுக்கும் அப்படித்தானே? காலையில் கடையைத் திறந்து பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மறுபடி மறுபடி அழுத்தினால் கிளம்பும். ஒருமுறை கிளம்பிவிட்டால் மதியம் வரை ஒழுங்காக ஓடும். போட்டோக்களை மொத்தமாக எக்ஸ்போர்ட் கொடுத்தால் மட்டும் திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆகும். ஆறியிருக்கும்போது கிளம்ப அடம்பிடிப்பது, சூடேறினால் சமாளிப்பது, சுமை ஏறினால் விழுவது: இந்த மூன்றும் சேர்ந்தால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் கிழடாகிவிட்டன என்று சந்தேகப்படலாம். அதற்கு டிப்ளமோ வேண்டியதில்லை. வேலை கொடுத்துப் பார்க்கும் பொறுமை போதும்.

முதலில் பார்க்க வேண்டியதை எல்லோரும் பார்ப்பீர்கள். பவர் கார்டு, யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச். முன்பக்கப் பட்டன் கெட்டிருக்கலாம் என்று தோன்றினால் போர்டில் அதன் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டுப் பார்க்கலாம். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டலாம். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது, அதனால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அது வேறு சங்கதி. பிளக் பாயின்டில் எர்த் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக மெயின்ஸில் பாதி அளவு வோல்டேஜ் கேபினட் தகரத்துக்கு வந்து நிற்கும். அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடையில் என்ன செய்தார்கள் தெரியுமா? 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து பிடுங்கி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தார்கள். ஃபேன் சுற்றியது. "பாருங்க சார், எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு." அவ்வளவுதான் சோதனை! ஃபேன் ஒரு துளி கரண்டில் சுற்றும். சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டை அழகாகக் காட்டுகிற எஸ்எம்பிஎஸ், டிஸ்க்குகளும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றாக இழுக்கும்போது உட்கார்ந்துவிடும். ஒரு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க், தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். பேப்பர் கிளிப்புக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சிஸ்டத்தைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தேன். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கத்தில் ஒயர் நுழையும் சந்தில் மல்டிமீட்டர் முனையை விட்டு, சிஸ்டம் ஓடும்போதே அளந்தேன். முக்கிய லைன்களுக்கு 5 சதவீதம் கூடலாம், குறையலாம். மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், சிவப்பு 4.75 முதல் 5.25க்குள். எக்ஸ்போர்ட் கொடுத்தவுடன் மஞ்சள் 11க்கும் கீழே இறங்கியதை மீட்டரில் கண்ணால் பார்த்தேன். (இப்போது வரும் கேபிள்கள் பல முழுக்கக் கறுப்பு. நிறம் தெரியாவிட்டால் குத்துமதிப்பாகக் குத்தாதீர்கள்.) அதற்கு மேலும் உறுதி வேண்டும் என்று ஜெராக்ஸ் கடை நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு மாலைக்குக் கடன் வாங்கி மாட்டினேன். முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. "செத்துப்போன" என் போர்டு இரவு வரை எக்ஸ்போர்ட் போட்டது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெபாசிட்டர் மாற்றலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாகி, பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். நான் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே கடையில்தான் புது எஸ்எம்பிஎஸ் வாங்கினேன், ஊரில் அன்றைக்கு அவர்களிடம்தான் ஸ்டாக் இருந்தது. நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை நானே மாட்டியவன்தான். ஆனாலும் அவர்கள் கையாலேயே மாட்டினால்தான் வாரண்டி பேச்சில் தகராறு வராது என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த முடிவில் தவறு இல்லை என்பேன், காசு கொடுத்தால் வேலை தெரிந்தவன் செய்வான் என்று எதிர்பார்ப்பது குற்றமா?

பழையதும் மாடுலர், புதியதும் மாடுலர். அதாவது கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை. கம்பெனி மட்டும் வேறு. பழைய கேபிள்கள் கேபினட்டின் பின்பக்கத்தில் அழகாக டை போட்டுக் கட்டியிருந்தன. அவற்றை அவிழ்க்கச் சோம்பல்பட்ட தம்பி, 24 பின்னையும் பிராசஸர் கேபிளையும் மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, டிஸ்க்குகளுக்குப் போகும் பழைய சாட்டா கேபிளை அப்படியே விட்டு, அதன் 6 பின் முனையைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினார். சரியாக உட்கார்ந்தது, க்ளிக் என்று சத்தமும் வந்தது. பட்டனை அழுத்தினார். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. "புது ஐட்டம் சார், முதல்ல அப்படித்தான் வாசனை வரும்" என்றார்.

டிஸ்க்கிலும் போர்டிலும் செருகும் முனைக்குத்தான் உலகம் முழுக்க ஒரே கணக்கு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. எந்த ஓட்டையில் 12 வோல்ட், எந்த ஓட்டையில் 5 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். வடிவம் ஒன்றாக இருப்பதால் தாராளமாக உட்காரும். அப்படித்தான் என் டிஸ்க்குகளின் 5 வோல்ட் காலில் 12 வோல்ட் பாய்ந்தது. எஸ்எம்பிஎஸ்ஸில் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு இருக்கிறதே என்பீர்கள். அது தன்னுடைய 12 வோல்ட் லைனில் 12 இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். இருந்தது. அந்த ஒயர் மறுமுனையில் யார் தலையில் போய் இறங்குகிறது என்று அதற்குத் தெரியாது.

கடைக்காரர் என்ன சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன். "டிஸ்க் பழசு அண்ணே, எப்ப வேணா போகும்." இரண்டு டிஸ்க், ஒரே நொடியில், வயதாகிப் போயினவாம்! கேபிளைக் கழற்றிப் புதுப் பெட்டியில் வந்த கேபிளோடு பக்கத்தில் வைத்து, மீட்டரில் கன்டினியூட்டி பார்த்துக் காட்டிய பிறகுதான் பேச்சு நின்றது. மாட்டுக்கூலியைத் திருப்பிக் கொடுத்தார். டிஸ்க்குக்கு வாரண்டி பாக்கி இருந்தும் பயனில்லை, மின்சாரத்தால் எரிந்ததை அவர்கள் ஏற்பதில்லை.

பேக்கப் இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு: இருந்தது. இரண்டாவது டிஸ்க் அதற்காகத்தான் வைத்திருந்தேன், அதே கேபினட்டில், அதே கேபிளில். அந்த ஏற்பாட்டை எனக்குச் செய்து கொடுத்ததும் ஒரு கடைதான். இப்போது பேக்கப் டிஸ்க் வெளியே பீரோவில் இருக்கிறது. நீங்களும் வெளியே வையுங்கள்.

டிஸ்க்குகளைச் சென்னைக்கு டேட்டா ரெக்கவரிக்கு அனுப்பினேன். டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் பலகையில் நுழைவாயிலிலேயே மிளகு அளவு கறுப்பு டையோடு ஒன்று காவலுக்கு இருக்கும். அதிக வோல்டேஜ் வந்தால் அது ஷார்ட் ஆகி உயிரை விடும். ஒரு டிஸ்க்கில் அது மட்டும் போயிருந்தது. அதை எடுத்துவிட்டுச் சரியான வோல்டேஜ் கொடுத்து டேட்டாவைக் காப்பி செய்தார்கள். இன்னொன்றில் பலகையே போயிருந்தது. அதே மாடல் பலகையை வாங்கி மாட்டினாலும் வேலை செய்யாது. அந்தந்த டிஸ்க்குக்கு உரிய அளவீடுகள் இருக்கும் ரோம் சிப்பைப் பழைய பலகையிலிருந்து பெயர்த்துப் புதியதில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். செய்தார்கள். அதற்கான பில்லில் நல்ல எஸ்எம்பிஎஸ் பலவற்றை வாங்கியிருக்கலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் 750 வாட், 850 வாட் என்று மயங்க வேண்டாம். என்னுடைய 65 வாட் பிராசஸர், ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும் 75 வாட் கிராபிக்ஸ் கார்டு, இரண்டு டிஸ்க் எல்லாம் சேர்ந்து 250 வாட்டைத் தொடாது. நல்ல 450 வாட் தாராளம். கேபினட்டோடு இலவசமாக வரும் 450 வாட்டைச் சொல்லவில்லை, அது ஸ்டிக்கரில் மட்டும் 450. ப்ரான்ஸ், கோல்டு என்ற 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லுமே தவிர, பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. என்னைப்போல் ஒரு முறை மாட்டிவிட்டுப் பல வருடம் திறக்காதவர்கள் மாடுலரே வாங்காதீர்கள். கேபிள் ஒட்டியே இருந்தால் தப்புச் செய்ய வழியே இல்லை.

கடைகளில் மாட்டிக் கொடுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய எஸ்எம்பிஎஸ் வெளியே வரும்போது அதன் கேபிள் ஒன்றுகூடக் கேபினட்டுக்குள் மிச்சம் இருக்கக் கூடாது. டை வெட்டிப் புதிதாகக் கட்ட நேரமாகும் என்றால் அதற்குத் தனியாகக் கூலி கேளுங்கள், கொடுத்துவிடுகிறோம்.