மாம்பழம் இருக்க மிட்டாய் எதற்கு?
வீட்டிலும் தோப்பிலும் செய்யக்கூடிய எளிய பழ இனிப்பு



மாங்கா சீசன் வந்தால் நம்ம போச்சம்பள்ளி பக்கம் சும்மா இருக்குமா? சந்தூர் பக்கமெல்லாம் தோப்புத் தோப்பாக மரம். வண்டி வண்டியாக மாங்காய் போகிறது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் என்ன தின்கிறார்கள்? பெட்டிக்கடையில் தொங்கும் சாயம் போட்ட மிட்டாயும், கவரில் அடைத்த ஜூஸும்! பழம் நம்முடையது, மரம் நம்முடையது. அதில் ஒரு இனிப்பு செய்து பிள்ளைக்குக் கொடுக்க நமக்குத் தெரியாதா என்ன? இந்த மாதப் பாடம் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் மாவட்டத்தில் அதிகம் விளைவது தோத்தாபுரி. இதற்கே பெங்களூரா என்றும் பெயர், கிளிமூக்கு மாங்காய் என்று சொல்வதும் இதைத்தான். இதில் பெரும்பகுதி மாங்கூழ் ஆலைக்குத்தான் போகிறது. ஆலை வாங்கினால் விலை, வாங்காவிட்டால் இல்லை. 2025 ஜூன் மாதம் என்ன ஆனது என்று நமக்கு மறக்காது. விலை விழுந்ததால் பறிகூலி கூட கட்டாது என்று பலர் காயை மரத்திலேயே விட்டார்கள். பக்கத்து ஆந்திராவிலும் இதே கதைதான். அங்கே அரசு தலையிட்டு, ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தது.

ஒரு பாத்திரம் இனிப்பு செய்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. லோடு கணக்கில் விளைவதை நம் அடுப்பு தாங்காது. ஆனால் பழத்தைப் பக்குவமாக என்ன செய்யலாம் என்று தெரிந்தவளுக்கு ஒரு வழி கூடுதலாக இருக்கும். அந்தக் கைப்பழக்கத்தைத்தான் இப்போது கற்றுக்கொள்ளப் போகிறோம்.

பழம் பார்த்து எடுப்பது எப்படி?

செந்தூரா, பீத்தர், அல்போன்சா முதலில் வரும். தோத்தாபுரியும் நீலமும் பின்னால் வரும். எந்தப் பழத்திலும் இந்த இனிப்பு செய்யலாம். தோத்தாபுரியில் நார் இல்லை, சதை கெட்டி, லேசான புளிப்பு உண்டு. விலையும் குறைவு. அதனால் சமையலுக்கு அதுவே தோது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. காம்புப் பக்கம் வாசனை வர வேண்டும். மேலே முழுக்க மஞ்சள், உள்ளே வெள்ளை, வாசனையே இல்லை என்றால் அது கல் வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம். கார்பைடு கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்ற நஞ்சுகள் கலந்திருக்கும். இப்படிப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. நம் வீட்டில் வைக்கோல் பரப்பிப் பழுக்க வைத்தாலே போதும்.

2. கீழே விழுந்த பழத்தில் சின்ன அடி மட்டும் பட்டிருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு அன்றைக்கே பயன்படுத்தலாம். வெடித்தது, பூசணம் பிடித்தது, புளித்த வாடை அடிப்பது வேண்டவே வேண்டாம்.

3. வௌவால், அணில், பறவை கடித்த பழத்தை "கடிச்ச இடத்தை வெட்டிட்டா சரியாப்போச்சு" என்று எடுக்காதீர்கள். முழுப் பழத்தையும் தள்ளிவிடுங்கள். கேரளாவில் 2018ல் நிபா காய்ச்சல் வந்தபோது டாக்டர்கள் சொன்ன முதல் எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று.

4. மருந்து அடித்த தோப்பு என்றால், அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டுக்கொண்டு பறியுங்கள்.

எந்தப் பழமானாலும் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்துக் கழுவ வேண்டும். காம்பில் வடியும் பால் வாயில் பட்டால் அரிக்கும், புண்ணாகும். ஊறவைத்துக் கழுவினால் அது போய்விடும்.

செய்முறை 1: மாம்பழ ஜவ்வரிசி இனிப்பு (வீட்டுக்கு)

தேவையானவை (150 மில்லி கப்பில் சுமார் 10 கப் வரும்):

பழுத்த மாம்பழம் – 1 கிலோ (சதை மட்டும் சுமார் அரைக்கிலோ கிடைக்கும்)
ஜவ்வரிசி – 100 கிராம்
வெல்லம் – 100 கிராம்
தேங்காய் – 1 மூடி
ஏலக்காய் – 2
உப்பு – ஒரு சிட்டிகை
தண்ணீர் – 4 டம்ளர்

செய்யும் விதம்:

ஜவ்வரிசியைக் கழுவி ஊறப் போடுங்கள். சின்னது என்றால் அரைமணி நேரம், பெரியது என்றால் 2 மணி நேரம். ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது தெரியுமா? நமக்குப் பக்கத்துச் சேலத்திலிருந்துதான். மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. அதை விற்பதற்காக 1981ல் ஏற்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் இருக்கிறது.

4 டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் ஜவ்வரிசியைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் கரைந்து கஞ்சியாகிவிடும். அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். 10 முதல் 15 நிமிடத்தில் கண்ணாடி போல ஆகும். நடுவில் சின்னதாக வெள்ளைப் பொட்டு தெரிந்தால் பரவாயில்லை. அடுப்பை அணைத்து மூடி வையுங்கள், அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டு, வடிகட்டுங்கள். வடிகட்டாமல் போடாதீர்கள், மண் இருக்கும். இதை ஜவ்வரிசியில் ஊற்றிக் கலந்து ஆற விடுங்கள்.

தேங்காயைத் துருவி அரைத்து ஒரு டம்ளர் கெட்டிப் பால் எடுங்கள். மாம்பழத்தைத் தோல் சீவி, பாதியைக் கையாலோ மத்தாலோ மசியுங்கள். மீதியைச் சின்னத் துண்டுகளாக நறுக்குங்கள்.

ஜவ்வரிசி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முதலில் தேங்காய்ப்பால், பிறகு மசித்த பழம், கடைசியில் துண்டுகள், ஏலக்காய், உப்பு. அவ்வளவுதான், இனிப்பு ரெடி!

"ஏங்க, மாட்டுப்பால் ஊத்தினா ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஊற்றலாம். ஆனால் மாம்பழத்தில் புளிப்பு இருக்கிறது. சூடான பாலில் புளிப்பு பட்டால் பால் திரிந்துபோகும். பாலை நன்றாகக் காய்ச்சி, முழுக்க ஆறவைத்து, இனிப்பான பழமாகப் பார்த்துச் சேருங்கள். தேங்காய்ப்பாலுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதையும் கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்து திரி திரியாகும். அதனால்தான் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றச் சொல்கிறோம்.

மாம்பழமும் தேங்காய்ப்பாலும் சேர்வது நமக்கு மட்டும் தெரிந்ததல்ல. தாய்லாந்தில் ஒட்டும் அரிசியை வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, மாம்பழத்தோடு தருவார்கள். ஹாங்காங்கில் மாம்பழமும் ஜவ்வரிசியும் சேர்த்து ஓட்டலில் விலை வைத்து விற்கிறார்கள். நம் அடுப்பங்கரையில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

செய்முறை 2: வெல்ல மாம்பழம் (தோப்புக்கு)

சீசனில் காவலுக்கும் பறிப்புக்கும் தோப்புக் குடிசையிலேயே தங்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளும் கூடவே இருப்பார்கள். அங்கே மிக்சி இல்லை, பிரிட்ஜ் இல்லை. மூன்று கல்லும் ஒரு வாணலியும் போதும். சுற்றுலா போகிறவர்களும் இதைச் செய்யலாம்.

தேவையானவை (4 பேருக்கு): பழுத்தும் கெட்டியாக உள்ள தோத்தாபுரி 2, பொடித்த வெல்லம் 50 கிராம், வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் 4 ஸ்பூன்.

வாணலியில் தண்ணீரும் வெல்லமும் போட்டுக் கரைந்ததும், தோல் சீவி நறுக்கிய பழத்தைப் போடுங்கள். மூடி வைத்துச் சின்னத் தணலில் 7, 8 நிமிடம். நடுவில் இரண்டு தடவை மெதுவாகப் புரட்டுங்கள். பாகு பழத்தில் ஒட்டியதும் இறக்கி, கடலையை நுணுக்கித் தூவுங்கள். சந்தையில் வாங்கிய பொரியையோ அவலையோ தட்டில் பரப்பி, அதன் மேல் ஊற்றிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு வயிறும் நிறையும்.

ஒரு எச்சரிக்கை: தோப்பில் காய்ந்த சருகு கிடக்கும். அடுப்பைச் சுற்றி நன்றாகக் கூட்டிவிட்டுப் பற்றவையுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். மருந்து டப்பாவை எவ்வளவு கழுவினாலும் அதில் தண்ணீர் மொள்ளாதீர்கள்.

இதில் என்ன சத்து?

மாம்பழத்தின் மஞ்சள் நிறமே வைட்டமின் ஏ சத்தைத் தரக்கூடியது. கண்ணுக்கு நல்லது. அந்தச் சத்து உடம்பில் ஒட்ட கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பாலும் வேர்க்கடலையும் அதைத் தருகின்றன. ஜவ்வரிசியில் மாவுச்சத்து மட்டும்தான், அதனால் அதை அதிகமாகப் போடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆசைக்கு ஒரு ஸ்பூன் சாப்பிடலாம், ஒரு கப் வேண்டாம். இனிப்பு என்பதால் பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுக்குப் பதிலாக இதைக் கொடுக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் தாங்கும்?

வெயில் காலத்தில் தேங்காய்ப்பால் சேர்த்தது சீக்கிரம் கெடும். வெளியில் வைத்தால் 3, 4 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை. "நேத்து மீந்தது, வாசம் ஒண்ணும் வரலையே" என்று பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் சேமிப்பதில் கெட்டிக்காரிகள்தான் நாம், ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு அதைவிடப் பெரிது.

விற்கலாமா? முதலில் கணக்குப் போடுவோம்

போச்சம்பள்ளி சந்தை இருக்கிறது. சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வரும் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழா, வளைகாப்பு, காதுகுத்து இருக்கிறது. ஆனால் "செய்தால் விற்கும்" என்று இறங்கக் கூடாது. ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். இந்த விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாம்பழம் 30 ரூபாய்
ஜவ்வரிசி 10
வெல்லம் 10
தேங்காய் 20
ஏலக்காய் 3
எரிபொருள் 7
காகிதக் கப் 10க்கு 20
மொத்தம் 100 ரூபாய்

10 கப், ஒன்று 15 ரூபாய் என்று எல்லாம் விற்றால் 150. கையில் நிற்பது 50. இரண்டு கப் விற்காமல் போனால்? வரவு 120, நிற்பது 20. மூன்று கப் நின்றுவிட்டால்? வரவு 105, நிற்பது வெறும் 5 ரூபாய்! நம் உழைப்புக்கூலி இன்னும் இதில் சேரவே இல்லை. ஆக, லாபத்தைத் தின்பது பழத்தின் விலையல்ல, விற்காமல் நிற்கும் கப். அதனால் முதலில் ஆர்டர் எடுங்கள், பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சங்கக் கடனை எடுத்து முதல் நாளே நூறு கப் போட வேண்டாம்.

விற்பனைக்குச் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 2006ஆம் வருடச் சட்டப்படி சிறு தயாரிப்பாளருக்கும் இது கட்டாயம். கட்டணம், வரம்பு எவ்வளவு என்று வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரில் கேளுங்கள். இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். 2020ல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவு நிறுவனத் திட்டத்தில், உணவுத் தொழில் செய்யும் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை விதை மூலதனம் என்று வைத்தார்கள். இதுபோல இப்போது நடப்பில் என்ன திட்டம் இருக்கிறது என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சகோதரிகளே, தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு திட்டம் 1989ல் முதன்முதலாகத் தொடங்கியது எங்கே? தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது நம் போச்சம்பள்ளியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004ல். சேமிப்புக்கு மாநிலத்துக்கே வழிகாட்டிய மண் இது. பழத்தின் அருமையும் நமக்குத் தெரிய வேண்டாமா?

நினைவில் வையுங்கள்

• தண்ணீர் கொதித்த பிறகே ஜவ்வரிசி.
• அடுப்பை அணைத்த பிறகே தேங்காய்ப்பாலும் பழமும்.
• கடிபட்ட பழம் வேண்டாம், கல் வைத்த பழம் வேண்டாம்.
• வெளியில் வைத்தால் 4 மணி நேரம்தான்.
• ஆர்டர் முதலில், அடுப்பு பிறகு.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் மாமரம் இருக்கிறது? போன சீசனில் எவ்வளவு பழம் வீணாச்சு?
2. நம் ஊர் விலையில் 10 கப்புக்கு எவ்வளவு செலவாகும்? கூலி சேர்த்தால் கப் என்ன விலைக்கு விற்க வேண்டும்?
3. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு பாத்திரம் செய்து கொண்டுவர முடியுமா? செலவைக் குழு ஏற்று, எல்லோரும் ருசி பார்த்து, கணக்கைத் தீர்மான நோட்டில் எழுதிவையுங்கள்.

செய்து பார்த்து எப்படி வந்தது என்று உங்கள் ஊர்ப் பிரதிநிதி மூலமாகக் கூட்டமைப்புக்குச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் கைப்பக்குவத்தில் வேறு விதமாகச் செய்தால் அதையும் எழுதுங்கள், அடுத்தடுத்த இதழ்களில் எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.