ஆங்கிலப் பாடத்தை வீட்டில் சரிபார்ப்பது எப்படி?

"எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் ஆங்கில ஆசிரியன் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனினும் ஒன்றைச் சொல்ல முடியும். கற்றுக் கொடுப்பது ஒரு வேலை, கற்றதைச் சரிபார்ப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு ஆசிரியர் வேண்டும். இரண்டாவதில் பெரும்பகுதியைத் தாயும் தந்தையும் தமிழிலேயே செய்யலாம். அந்த வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது ஏன் அவசியம்?

கோலார் தங்கவயலையே எடுத்துக் கொள்வோம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அப்பாவுக்குப் பின் மகனுக்குச் சுரங்கத்தில் வேலை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டதோடு அது முடிந்தது. அதன்பின் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று வேலை செய்து இரவில் திரும்புகிறார்கள். அங்கே விண்ணப்பம், நேர்முகத் தேர்வு, அலுவலகக் கடிதம் என எங்கும் ஆங்கிலம் தேவைப்படுகிறது.

இங்கே வளரும் பிள்ளை வீட்டில் தமிழும், வெளியில் கன்னடமும், வகுப்பில் ஆங்கிலமும் பழகுகிறது. மூன்று மொழி, மூன்று எழுத்து. இந்தச் சுமையில் பல பிள்ளைகள் கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்தால் திகைத்து நிற்கிறார்கள். மதிப்பெண் பட்டியலில் இக்குறை தெரிவதில்லை. அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது என்று யாரும் விட்டுவிடுவதில்லை. அளவுகோல் வைத்தே பார்ப்பார்கள். படிப்புக்கும் அப்படி ஓர் அளவுகோல் வேண்டும்.

வாசிப்பைச் சரிபார்த்தல்

கஃப், டன்மர் என்னும் இரு அறிஞர்கள் 1986-இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனை, மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு. இங்கே கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யமே. கடகடவென்று உரக்கப் படிக்கும் பிள்ளைக்குப் பொருள் தெரியாவிட்டால் அது வாசிப்பு ஆகாது. ஆகவே இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

1. பாடப் புத்தகத்தை மூடிவிடுங்கள். பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு சிறு பத்தியைக் கொடுங்கள். கீழ் வகுப்பு மாணவரின் புத்தகமோ செய்தித்தாளின் சிறுவர் பகுதியோ போதும்.

2. உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லைத் தாண்டிச் செல்கிறது என்று விரல் வைத்துப் பின்தொடருங்கள். ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சொற்களில் தடுமாறினால் அந்நூல் இப்போதைக்குக் கடினம். எளியதற்கு இறங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

3. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "என்ன படித்தாய்? தமிழில் சொல்" என்று கேளுங்கள். இதுவே முக்கியமான படி. யார், எங்கே, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்னும் நான்கு கேள்விகளுக்கும் பிள்ளை சொந்தச் சொற்களில் விடை சொன்னால் புரிந்திருக்கிறது என்று பொருள்.

2005 முதல் இந்தியக் கிராமங்களில் நடைபெற்று வரும் 'அசர்' கணக்கெடுப்பிலும் பிள்ளைகளை வீட்டிலேயே சந்தித்து, எழுத்து, சொல், பத்தி, சிறுகதை என்று படிப்படியாக வைத்துத்தான் சோதிக்கிறார்கள். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து பயிற்சியைத் தொடங்க வேண்டும். எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பார்த்து அல்ல.

எழுத்தைச் சரிபார்த்தல்

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பல, தமிழின் இயல்பிலிருந்து வருபவை. காரணம் தெரிந்தால் திட்டுவதற்குப் பதில் திருத்தலாம்.

வினைச்சொல்லின் இடம்: 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதில் வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்து வர வேண்டும். 'ஐ ஸ்கூல் கோ' என்று எழுதும் பிள்ளை தமிழ் வரிசையில் சிந்திக்கிறது.

ஒலியும் எழுத்தும்: பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் 'பெரிய' என்னும் பொருளுடைய சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்' தான். ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு. கன்னடத்தில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆகவே கன்னடம் படிக்கும் நம் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை அதைக் கொண்டே எளிதில் விளக்கலாம்.

ஒலிக்காத எழுத்து: தமிழில் எழுதியபடியே பெரும்பாலும் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் கத்திக்குரிய 'நைஃப்' என்ற சொல் 'கே' எழுத்தில் தொடங்கும், அது ஒலிக்காது. இத்தகைய சொற்களை ஒரு தனி நோட்டில் எழுதி, வாரம் ஐந்தாகப் பார்த்து, மூடி, எழுதிப் பழக வேண்டும்.

பெரிய எழுத்து: தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. அதனால் வாக்கியத்தின் தொடக்கத்திலும் பெயர்களிலும் பெரிய எழுத்துப் போடப் பிள்ளைகள் மறக்கிறார்கள்.

'அவர்': நாம் மரியாதைக்காக ஆண், பெண் இருபாலரையும் 'அவர்' என்கிறோம். ஆங்கிலத்தில் தாத்தாவுக்கு 'ஹீ', பாட்டிக்கு 'ஷி'. பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

எழுதச் சொல்லும் பொருள் வீட்டிலிருந்தே வரட்டும். 'என் பள்ளி', 'பசு' என்ற கட்டுரைகளுக்குக் கைடு புத்தகத்தில் விடை இருக்கிறது. தாத்தா சுரங்கத்தில் என்ன வேலை செய்தார் என்பதற்கு எந்தக் கைடிலும் விடை இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் உடையது. அதனுள் இறங்கி ஏறியவர் வீட்டிலேயே இருக்கிறார்! அவரிடம் தமிழில் கேட்டு, ஐந்தே வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மனப்பாடத்திற்கு இங்கே இடமில்லை. பிள்ளைக்கு எவ்வளவு எழுத வருகிறது என்பது உள்ளபடி தெரிந்துவிடும்.

எழுதியதைப் பிள்ளையே மூன்று முறை பார்க்கட்டும். முதல் முறை, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல் இருக்கிறதா? இரண்டாம் முறை, பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும் உண்டா? மூன்றாம் முறை, எழுத்துப்பிழை உண்டா? சந்தேகமான இடங்களில் கோடிட்டு ஆசிரியரிடம் காட்டினால் போதும்.

தமிழை நிறுத்த வேண்டாம்

ஆங்கிலம் வளர வேண்டும் என்று வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைக்கும் பெற்றோரைக் காண்கிறோம். தாங்களே அரைகுறையாக அறிந்த மொழியில் பிள்ளையுடன் பேசத் தொடங்குகிறார்கள். அப்போது பேச்சே சுருங்கிவிடுகிறது. 'சாப்பிடு', 'படி', 'தூங்கு' என்பதைத் தாண்டி உரையாடல் போவதில்லை. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1979-இல் விளக்கியபடி, ஒரு மொழியில் பெற்ற சிந்தனைத் திறன் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும். கதையின் காரணத்தைத் தமிழில் விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொற்கள் மட்டுமே தேவை. தமிழிலும் விளக்கத் தெரியாத பிள்ளைக்குச் சொற்களோடு சிந்தனையும் தேவைப்படும்.

வாரப் பயிற்சி

ஞாயிறு: புதிய பத்தி ஒன்று படித்துத் தமிழில் சொல்லுதல், 15 நிமிடம்.
புதன்: ஐந்து கடினச் சொற்களைப் பார்க்காமல் எழுதுதல், 10 நிமிடம்.
வெள்ளி: வீட்டுச் செய்தி ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி மூன்று முறை பார்த்தல், 20 நிமிடம்.

வாரத்திற்கு 45 நிமிடம்தான் ஆகிறது. தேதியிட்டு ஒரே நோட்டில் எழுதி வைத்தால், மூன்று மாதம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேர்வுக்கு முந்தைய மாதம் வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி தொடங்கும் முதல் வாரத்திலேயே ஆரம்பியுங்கள். ஆங்கிலம் தெரியாத தாயும் இந்த நோட்டை எடுத்து வைத்து, "என்ன படித்தாய், தமிழில் சொல்" என்று கேட்கலாம்.