நேரம் குறித்துக் கொடுத்தால் கணனி செய்யும் வேலை

வயலுக்கு முறைத்தண்ணீர் விடும் வட்டை விதானைக்கு எவரும் தினமும் நினைவூட்டுவதில்லை. இன்று இந்த வாய்க்கால், நாளை அந்த வாய்க்கால் என்ற ஒழுங்கு முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது. கணனியையும் இவ்வாறு பழக்கலாம். எப்படி என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

இது நமக்கு ஏன் வேண்டும்? 1990இலும், 2004 கடற்கோளிலும், 2006, 2007 இடப்பெயர்வுகளிலும் உடுத்த உடையோடு ஓடியபோது காணி உறுதி, உத்தரவுப் பத்திரம், சேமிப்புப் புத்தகம் என்பன பலருக்குக் கைவிட்டுப் போயின. சங்கத்தின் பதிவுகளையும் பத்திரங்களின் படங்களையும் கணனியில் வைத்தாலும், அது பழுதானால் மீண்டும் வெறுங்கைதான். ஆகவே வாரந்தோறும் ஒரு பிரதி வேறிடத்துக்குப் போக வேண்டும். மனிதர் மறப்போம்; குறித்த நேரத்தைக் கணனி மறக்காது.

லினக்ஸ் கணனிகளில் இவ்வேலையைச் செய்யும் நிரலின் பெயர் 'கிரொன்'. இது 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் கணனிகளில் 'டாஸ்க் ஷெடியூலர்' என்பது இதே வேலையைச் செய்கிறது. கிரொன் ஒவ்வொரு நிமிடமும் தன் பட்டியலைப் பார்க்கும். நேரம் பொருந்திய வேலையைத் தொடங்கும்.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து இடங்கள் உண்டு: நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை. ஞாயிறு 0, வெள்ளி 5. நட்சத்திரக் குறி இட்டால் 'எதுவானாலும் சரி' என்று பொருள்.

30 17 * * 5

இதன் பொருள், ஒவ்வொரு வெள்ளியும் மாலை 5.30 மணி. இதற்குப் பின் செய்ய வேண்டிய வேலையை எழுத வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. அந்த நேரத்தில் கணனி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் நின்றிருந்தால், தவறிய வேலையைக் கிரொன் பின்னர் செய்யாது. 'அனாக்கிரொன்' என்னும் நிரல் செய்யும்.

2. திகதி 31 என்று குறித்தால் பெப்ரவரி, ஏப்ரல், யூன், செப்டெம்பர், நவம்பர் மாதங்களில் வேலை நடக்காது. மாதாந்த வேலைக்கு 1ஆம் திகதி நல்லது.

3. திகதியையும் கிழமையையும் சேர்த்துக் குறித்தால் இரண்டில் ஒன்று பொருந்தினாலே வேலை நடக்கும். 1ஆம் திகதியும் வெள்ளியும் என்று எழுதினால் 1ஆம் திகதியும் செய்யும், எல்லா வெள்ளியும் செய்யும்.

4. கணனியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். நேரம் மாறினால் வரும் குழப்பம் நமக்குப் புதிதல்ல. மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னகர்த்தப்பட்டது. ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது. வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனவர், 'எந்த நேரம்?' என்று கேட்க வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில்தான் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது. வெளிநாட்டிலுள்ள கணனியில் வேலை குறித்தால் இதையே நினையுங்கள்: கிறீனிச் நேரத்துக்கு நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம்.

கிரொனுக்குத் தெரியாதவையும் உண்டு. பறுவம் மாதந்தோறும் ஒரே திகதியில் வராது. பறுவக் கூட்டத்தை இந்த ஐந்து இடங்களில் குறிக்க இயலாது. உன்னிச்சைக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எப்போது விதைக்கலாம் என்பதையும் அது அறியாது. அதை விவசாயிகள் ஆரம்பக் கூட்டத்தில் கூடித்தான் முடிவுசெய்ய வேண்டும். திரும்பத் திரும்ப வருவதைக் கணனிக்குக் கொடுப்போம். தீர்மானிப்பதை நாமே வைத்திருப்போம்.

பிரதி எடுக்கும் வேலை நடந்ததா என்று மாதம் ஒருமுறை ஒருவர் பார்க்க வேண்டும். பிரதியைத் திறந்து வாசித்துப் பார்ப்பதே உண்மையான சோதனை.

கலந்துரையாடுவோம்:

அ. நமது சங்கத்தில் தவறாமல் திரும்ப வரும் வேலைகள் எவை?
ஆ. நாளை ஓட நேர்ந்தால் எந்தப் பத்திரங்களின் பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும்? அதை யார் பொறுப்பேற்பார்?