பழுப்பு உறைக்குள் ஒரு பை

கேள்வி: ஏழாம் மாதத்திலேயே பிறந்த என் பேத்திக்கு நரம்பு வழியாகச் சத்துநீர் ஏற்றுகிறார்கள். பையையும் குழாயையும் பழுப்பு உறையால் மூடியிருக்கிறார்கள். நேற்று மிச்சமிருந்ததைக் கழற்றிக் கொட்டிவிட்டார்கள். வீண்தானே?

பதில்: வீண் இல்லை அம்மா. இப்போதைக்கு உங்கள் பேத்தியின் சாப்பாடே அந்தப் பைதான். அதில் குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, வைட்டமின்கள், தாது உப்புகள் எல்லாம் உண்டு. வெளிச்சம் பட்டால் வைட்டமின்கள் சிதையும், பெராக்சைடுகள் உருவாகும். அவற்றைச் சமாளிக்கும் வலு குறைமாதக் குழந்தைக்குப் போதாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதை ஏற்றி முடியும்வரை ஒளி படாமல் காக்க வேண்டும் என்று 2019-ல் ஐரோப்பிய மருந்து முகமை அறிவித்தது. குழாயையும் மூடுவது மிக அவசியம். மணிக்குச் சில மில்லிதான் இறங்குவதால், சத்துநீர் குழாய்க்குள் நெடுநேரம் நிற்கும். பக்கத்தில் மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கு எரிந்தால் கேட்கவே வேண்டாம்.

குழந்தைக்கு ஊட்டமாவது கிருமிக்கும் ஊட்டம்தான். 2014-ல் இங்கிலாந்தில் கிருமி கலந்த சத்துநீரால் பச்சிளங்குழந்தைகள் இறந்தார்கள். அதனால்தான் பையை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து, மாட்டிய 24 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுகிறார்கள். உறையவிட்டால் கொழுப்பு பிரிந்துவிடும். வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதும் கூடாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படிகமாகலாம் என்பதால் குழாயில் வடிகட்டி வைக்கிறார்கள்.

உறையை மட்டும் நீங்கள் விலக்கிப் பார்க்காதீர்கள். குழாயில் எண்ணெய் பிரிந்து மிதந்தாலோ, துகள் தெரிந்தாலோ உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.